எட்டணா வலி

"இதுக்கு மேல செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பாத்துக்கோங்க."

2023 பங்குனி ஆரம்பத்தில், ஒரு பெரிய மருத்துவமனையின் வராந்தாவில் நின்றபடியே ஒரு டாக்டர் என் அண்ணனிடம் சொன்னது இது. அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கண் மஞ்சளானதும் மஞ்சள்காமாலைதான் என்று நினைத்து, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தே மூன்று வாரத்தைப் போக்கிவிட்டோம். ஸ்கேன் எடுத்தபோது கல்லீரல் வரை பரவியிருந்தது. பித்தநீர் இறங்க ஸ்டென்ட் என்று ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். மஞ்சள் வடிந்தது. அப்புறம் இந்த வார்த்தை.

நம் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் இதே வார்த்தையைக் கேட்டுவிட்டு ஸ்கேன் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு அம்மா ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதமும் செய்வதற்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. அவருக்கும் இருந்தது, எங்களுக்கும் இருந்தது.

அம்மாவின் வேலையைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். அவர் திருவில்லிபுத்தூரில் அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர். வீடு வீடாகப் போய் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) பணம் வாங்கி, தபால் ஆபீஸில் கட்டி, அவரவர் அட்டையில் குறித்துக் கொடுப்பார். ஐந்து வருடக் கணக்கு, அறுபது தவணை. நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய் கமிஷன். அப்பா போன பிறகு அந்த நாலு ரூபாய்களில்தான் அண்ணனும் நானும் படித்தோம். நெசவாளர் வீடுகள், தேர் வீதியின் வளையல் கடைகள், பால்கோவா கிண்டும் அடுப்படிகள் என்று எண்பத்து நாலு வீடுகள் அவர் கணக்கில் இருந்தன. ஊரில் அவருக்கு 'ஆர்.டி. அக்கா' என்றுதான் பெயர்.

கணையம் வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அந்த வலி முன்னால் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்தால் கொஞ்சம் குறையும். அதனால் அம்மா ராத்திரி முழுக்க மடியில் இரண்டு தலையணையை வைத்து, அதன்மேல் கவிழ்ந்தபடி உட்கார்ந்தே இருந்தார். எழுதிக் கொடுத்த வலி மாத்திரை இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. நான் பெங்களூரிலிருந்து வந்த முதல் இரவு, அம்மா அந்த நிலையில் சுவரைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று. அறுபது வந்ததும் மறுபடி ஒன்று.

ஒரு தற்செயலால்தான் அடுத்த கதவு திறந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு பி.பி. பார்க்க மாதாமாதம் ஒரு பெண் வருவார். வாசலிலிருந்தே அம்மா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்கு என்ன?" என்று உள்ளே வந்தார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்ட அந்தத் திட்டம் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிப்பு, ஆதரவு சிகிச்சை தருவதும் அதில் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்காம் நாள் நர்ஸ் வந்தார்.

அவர் பையைத் திறக்கவே இல்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். வலியால் எதைச் செய்ய முடியவில்லை என்று கேட்டார். அப்புறம், "இப்ப உங்களுக்கு என்னம்மா செய்யணும்னு ஆசை?" என்றார். நோய் தெரிந்த நாளிலிருந்து அம்மாவிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நாங்களும் கேட்கவில்லை.

"மாசக் கடைசி வருது தாயி. ஆர்.டி. கட்டணும்."

நர்ஸ் சிரிக்கவில்லை. அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து, இப்போது எத்தனை என்று கேட்டார். அம்மா யோசித்துவிட்டு, "பத்துக்கு எவ்வளவுன்னெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியல. ரூபாய்க்குப் பதினாலணா" என்றார். நர்ஸ் அப்படியே எழுதினார்: பதினாலணா. பழைய கணக்கில் ரூபாய்க்குப் பதினாறணா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வலிக்கு அணாதான் கணக்கு.

மதுரையில் வலி தணிப்பு மருத்துவம் பார்க்கும் ஒரு டாக்டரிடம் அனுப்பினார். அவர் எழுதியது மார்ஃபின். பெயரைக் கேட்டதும் அண்ணன் எழுந்தேவிட்டான். "அது கடைசியா குடுக்கறதுதானே டாக்டர்? பழகிப் போயிராதா?" டாக்டர் அவனை உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். உடம்பில் இவ்வளவு வலி இருக்கும்போது, அந்த வலிக்கு ஏற்ற அளவில் கொடுத்தால், போதைக்கு அடிமையாவது மிக அரிது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், அது போய்விடும். போகாத ஒன்று மலச்சிக்கல். அதனால் பேதி மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. வலி வந்த பிறகு மருந்து தேடக்கூடாது, வருவதற்கு முன்பே கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு மட்டும் இரண்டு மடங்கு, நடுராத்திரி எழுப்பாமல் இருப்பதற்காக. ஐந்து மில்லிகிராமில் தொடங்கி, வலியைப் பார்த்துக் கூட்டிக்கொண்டே போகலாம் என்றார்.

மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் தலையணைகள் தரையில் கிடந்தன. அம்மா கால் நீட்டி, ஒருக்களித்துப் படுத்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மதினி அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சத்தம் போடாமல் அழுதோம். எழுந்ததும் கேட்டேன். "நாலணா" என்றார் அம்மா.

ஐந்து மில்லிகிராம் மாத்திரை. அதுவரை அவர் பட்ட ஆறு வார வேதனைக்கு ஒரு அவசியமும் இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த மாத்திரை எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. அண்ணன் தீரத் தீர மதுரைக்குப் பஸ் ஏறினான். ஏன் என்று தேடிப் படித்தபோது கோபம் இன்னும் கூடியது. மார்ஃபின் எடுப்பது கசகசாச் செடியின் அபினிலிருந்து. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசா பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு அபின் ஆலைகள் இருக்கின்றன. உலகத்துக்கே அபின் விற்ற நாடு இது. ஆனால் 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்களை வாங்க வேண்டியிருந்தது. ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தி அதை எளிதாக்கினார்கள். ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபினைக் கையில் தொடாமலே படித்து முடித்திருந்தார்கள். அந்த வராந்தா டாக்டரும் அப்படிப்பட்டவராக இருக்கலாம். அவர் இரக்கமில்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை.

எங்கள் நர்ஸ் பயிற்சி எடுத்தது கோழிக்கோட்டில். அங்கே 1993-இல் மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்து நிபுணராக இருந்த எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் ஒரு சின்ன வலி நிவாரணக் கிளினிக்கைத் தொடங்கினார்கள். அது ஊர்க்காரர்களின் இயக்கமாக வளர்ந்தது. ஆட்டோ ஓட்டுபவர்களும் மாணவர்களும் கடைக்காரர்களும் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கப் போனார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. "அங்க இது டாக்டர் வேலை மட்டும் இல்லக்கா, தெருவோட வேலை" என்பார் நர்ஸ். மலையைத் தாண்டினால் கேரளம். அந்த மலையை நாங்கள் தினமும் மொட்டை மாடியிலிருந்து பார்க்கிறோம்.

சரி, அம்மாவிடம் வருகிறேன்.

சித்திரை மாதக் கடைசி வாரத்தில் அம்மா ஆர்.டி. வசூலுக்குக் கிளம்பினார். நாங்கள் தடுத்தோம். நர்ஸ் எங்களைத் தடுத்தார். பத்து மணி மாத்திரை போட்டு அரை மணி கழித்துக் கிளம்புவது, ஒரு நாளைக்குப் பத்து வீட்டுக்கு மேல் போகக் கூடாது, இடையில் வலித்தால் போட ஒரு மாத்திரை பர்ஸில். தெரிந்த ஆட்டோக்காரத் தம்பி பின் சீட்டில் மெத்தை விரித்துக் கொடுத்தார். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

ஒவ்வொரு வாசலிலும் ஒரே மாதிரிதான் நடந்தது. அம்மா மெலிந்திருப்பதைப் பார்த்து முகம் மாறும். என்ன சொல்வதென்று தெரியாது. அம்மா அதற்கு இடம் கொடுக்காமல், "போன மாசத்தோடது முந்நூறு பாக்கி இருக்கு" என்பார். உடனே இரண்டு பேருக்கும் பேச்சு வந்துவிடும். மகள் காதுகுத்துக்குச் சேர்க்கிறவர்கள், தறி வாங்கச் சேர்க்கிறவர்கள், புருஷனுக்குத் தெரியாமல் சேர்க்கிறவர்கள் என்று எல்லார் கதையும் அம்மாவுக்குத் தெரியும். அன்று ஆறு வீடு முடித்தோம். வீட்டுக்கு வந்து ஆறு மணி மாத்திரை போட்டபோது எட்டணா என்றார். சோர்ந்து போயிருந்தார். ஆனால் அந்த முகம் நோயாளியின் முகமாக இல்லை. வேலை முடித்து வந்த என் அம்மாவின் முகமாக இருந்தது.

இப்படி நாலு மாதக் கடைசிகள் கிடைத்தன. அதற்குள் மதினிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, அவள் பேரில் முகவர் உரிமத்துக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று.

அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. பால்கோவா ஊரில் இருந்துகொண்டு பால்கோவா சாப்பிடாத மனுஷி. மதுரை டாக்டர் சர்க்கரை மாத்திரையைக் குறைத்து, "இனிமே பிடிச்சதைச் சாப்பிடுங்கம்மா" என்றார். இருபது வருடம் கழித்து வரப்போகும் கெடுதலைத் தடுக்கத்தானே அந்தக் கட்டுப்பாடெல்லாம். அவரோடு கணக்கு வைத்திருந்த ஒரு அடுப்படிக்காரர் சட்டியிலிருந்து சூடாக எடுத்து வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். அம்மா ஒரு சுண்டுவிரல் அளவுதான் சாப்பிட்டார். அதைச் சாப்பிடக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

நோயை நாங்கள் அவரிடம் மறைத்திருந்தோம். 'வயித்துல புண்' என்று சொல்லி வைத்திருந்தோம். நம் வீடுகளில் இப்படித்தான் செய்கிறோம், பாசத்தால்தான் செய்கிறோம். டாக்டர் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடமே கேட்டிருக்கிறார்: உங்களுக்கு என்ன என்று என்ன தெரியும், எந்த அளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? அம்மா எல்லாம் தெரியும் என்றிருக்கிறார். ஸ்கேன் எடுத்த இடத்தில் பெயர்ப்பலகையைப் படித்த அன்றே தெரியுமாம். "பிள்ளைங்ககிட்ட சொல்லிராதீங்க, பயந்துருவாங்க" என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டாராம். ஒரே வீட்டில் இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு தனித்தனியாக அழுதிருக்கிறோம். டாக்டர் அன்றைக்கு எங்களைச் சேர்த்து உட்கார வைத்தார். அந்த மேசையில் அரை மணி நேரம் அழுதோம். அதற்கு அப்புறம் வீட்டில் தாராளமாகப் பேச முடிந்தது.

ஆனி மாதத்தில் மறுபடி தூக்கம் போனது. மருந்தைக் கூட்டினோம், கேட்கவில்லை. அணாக் கணக்கும் சரியாக வரவில்லை. கேட்டால் "நாலணாதான்" என்பார், ஆனால் விடிய விடியப் புரள்வார். நர்ஸ் ஒரு மத்தியானம் எங்களைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு அவரோடு தனியாக உட்கார்ந்தார். பல வருடத்துக்கு முன்னால் ஒரு விதவைப் பெண் கொடுத்த ஐந்நூறு ரூபாயைக் கட்ட மறந்து, அட்டையில் மட்டும் குறித்துவிட்டாராம். பிறகு கைக்காசு போட்டுச் சரிக்கட்டலாம் என்று நினைத்து, அதுவும் விட்டுப்போயிற்று. முதிர்வுப் பணம் அந்த அளவு குறைந்தது. அந்தப் பெண் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. ஒரு கைம்பெண்டாட்டி காசைத் தின்றுவிட்டேன் என்று சொல்லி அழுதிருக்கிறார்.

லண்டனில் 1967-இல், சாகும் நிலையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவ சமூகப் பணியாளர், அதன் பிறகு படித்து டாக்டர் ஆனவர். உடம்பு வலி, மன வலி, உறவால் வரும் வலி, 'நான் ஏன் வாழ்ந்தேன்' என்கிற வலி எல்லாம் சேர்ந்ததே முழு வலி என்று அவர் சொன்னார். மார்ஃபின் அதில் ஒரு பங்கைத்தான் தொடும். மீதி எங்கே இருக்கிறது என்று எங்கள் நர்ஸுக்குத் தேடத் தெரிந்திருந்தது.

மறுநாளே அந்த வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாவுக்கு எதுவுமே நினைவில்லை. பணத்தை வாங்கமாட்டேன் என்று கும்பிட்டார். அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நீ வாங்கலன்னா நான் எப்படிப் போவேன்?" என்றார். அந்த வாசலில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவர் வாங்கிக்கொண்டார். அம்மா வட்டியோடு கணக்குப் போட்டு, கையெழுத்தும் வாங்கினார். அன்று ராத்திரி தூங்கினார்.

ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேரை, தேர் வீதியில் ஒரு கணக்குக்காரர் வீட்டுத் திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டுப் பார்த்தார். எங்கள் மதுரைப் பயணங்களையெல்லாம் விட அந்தத் திண்ணைக்குப் போவதற்குத்தான் அதிக ஏற்பாடு தேவைப்பட்டது. வடம் பிடித்தவர்களில் பாதிப் பேர் அவருடைய ஆட்கள். போகிற போக்கில் "ஆர்.டி. அக்கா!" என்று கை காட்டினார்கள். அம்மா தேரைப் பார்த்ததை விட அவர்களைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்த வாரமே, கடைசியில் தனக்கு என்ன வேண்டாம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்றார். வாய்ப்பேச்சில் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை, எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். நாம் முன்கூட்டியே இப்படி எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்டது. முதலில் மாஜிஸ்ட்ரேட் முன்னால் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் போனால் போதும் என்றார்கள். குழாய் வேண்டாம், வென்டிலேட்டர் வேண்டாம், ஐ.சி.யூ. வேண்டாம், வலி மட்டும் இருக்கக் கூடாது. முடிவெடுக்கிற பொறுப்பு மதினிக்கு. அண்ணனுக்கோ எனக்கோ இல்லை, மதினிக்கு. "அவதான் என்னைத் தூக்குறா, அவளுக்குத்தான் என் உடம்பு தெரியும்" என்றார்.

மதினியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை வரும்போதும் நர்ஸ் அம்மாவைப் பார்த்து முடித்ததும் மதினியிடம், "நீங்க சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா?" என்று கேட்பார். முதல் தடவை கேட்டபோது மதினி பதில் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். அந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருடத்தில் அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கேட்காதவர்களில் நானும் உண்டு.

அந்தக் காகிதம் புரட்டாசியில் ஒரு ராத்திரி எங்களைக் காப்பாற்றியது. அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் இருக்கிறீர்களே, பெற்ற தாயை இப்படியா விடுவது என்று சொந்தக்காரர் ஒருவர் சத்தம் போட்டார். அண்ணன் ஆடிப்போய்விட்டான். மதினி கோப்பை எடுத்துக் காட்டிவிட்டு நர்ஸுக்கு போன் செய்தாள். அவர் சொன்னபடி தலைப்பக்கம் உயர்த்தி, மின்விசிறியை முகத்துக்கு நேராக வைத்து, ஒரு மாத்திரை மார்ஃபின் கொடுத்தோம். மூச்சிரைப்பையும் அது தணிக்கும். அரை மணியில் அம்மா அடங்கித் தூங்கினார், தன் கட்டிலில்.

பாஸ்டன் நகரில் ஒரு மருத்துவமனையில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நோய் தெரிந்த உடனேயே வழக்கமான சிகிச்சையோடு இந்த ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். மனச்சோர்வு குறைவு, கடைசிக் கட்ட ஆஸ்பத்திரி ஓட்டம் குறைவு. ஆனாலும் அவர்கள்தான் அதிக நாள் இருந்தார்கள்: 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். நோய் வேறு, கணக்கு வேறு, அம்மாவுக்கு அப்படி நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாவு பக்கத்தில் வந்த பிறகு போகும் இடம் இது என்று நினைத்து யாரும் காத்திருக்க வேண்டாம். ஸ்கேன் வந்த வாரமே கேளுங்கள். உலகத்தில் இது தேவைப்படுபவர்களில் சுமார் 14 விழுக்காட்டினருக்குத்தான் கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களுக்குக் கிடைத்ததும் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பி.பி.யால்தான்.

கடைசி ஆறு நாள் அம்மாவால் விழுங்க முடியவில்லை. மேல்கையில் தோலுக்கு அடியில் ஒரு சின்ன ஊசியை ஒட்டி வைத்து அதன் வழியாக மருந்து கொடுக்க மதினிக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். குளுக்கோஸ் ஏற்ற வேண்டாமா, பட்டினியாகக் கிடக்கிறாரே என்று நான்தான் கேட்டேன். சாப்பிடாததால் உடம்பு அடங்கவில்லை, உடம்பு அடங்குவதால்தான் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை என்று டாக்டர் போனில் சொன்னார். பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக வைக்கச் சொன்னார். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், அது கேட்கிற நமக்குத்தான் பயம், அவருக்கு வேதனை இல்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் அது வந்தபோது நாங்கள் ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். புரட்டாசிக் கடைசியில் ஒரு விடியற்காலை, ஆறு மணி மருந்துக்கு முன்பாக அம்மா போனார்.

பதினாறாம் நாள் முடிந்து நர்ஸ் வந்தார். மீதியிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. மதினி டப்பாவை எடுத்து வந்தாள். அண்ணன் மகள் அம்மாவின் ஆர்.டி. நோட்டை எடுத்து வந்தாள். அதன் பின்பக்கத்தில், வீடுகளுக்குப் போட்டது போலவே கட்டம் போட்டு, தேதி, நேரம், எத்தனை மாத்திரை, எத்தனை அணா என்று அம்மா எழுதி வந்திருந்தார். புரட்டாசியிலிருந்து எழுத்து மாறியிருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் உருண்டை எழுத்து. அப்பத்தா சொல்லச் சொல்ல அவள் எழுதியது. கடைசி நாட்களில் அப்பத்தா சொல்லாதபோது அவளே முகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள். ஓரணா. ஓரணா. அரையணா.

நர்ஸ் மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணினார். இருபத்திரண்டு. பிள்ளை நோட்டில் விரலை வைத்து, கூட்டிக் கழித்து, "இருபத்திரண்டு" என்றாள். நர்ஸ் அவளிடமே பேனாவைக் கொடுத்து, அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். மதினி எல்லாருக்கும் காபி போடப் போனாள். "இருங்க, நான் போடுறேன், நீங்க உக்காருங்க" என்று நர்ஸும் பின்னாலேயே எழுந்து போனார்.